மாடி அறையில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் வரலாறு

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் 10க்கு 12 அடி அளவில் ஓர் அறை காலியாக உள்ளது, அதன் ஒரே ஜன்னல் மேற்கு நோக்கியது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது என் தந்தை சேர்த்த பத்திரிகை நறுக்குகளும் அஞ்சல்தலைகளும், மாவட்டக் கபடி அணிக்காக அவர் ஆடியபோது அணிந்த பனியனும், சில பதக்கங்களும் எங்களிடம் இருக்கின்றன. இவற்றைக் காட்சிக்கு வைத்து, குடும்பத்தோடு போட்டிகளைப் பார்க்கும் அறையாகவும் அதை அமைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: நட்சத்திர வீரர்களின் படங்களை வாங்கி ஒட்டுவதிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். ஆசிய விளையாட்டுப் போட்டி 1951 முதல் எப்படி மாறி வந்திருக்கிறது என்பதை, உங்கள் தந்தையின் சேகரிப்பை நடுவில் வைத்தே அந்தச் சுவர்களில் சொல்லிவிட முடியும். வேறெந்த வீட்டிலும் இல்லாத அறையாக அது அமையும்.

முதல் வேலை பொருள்களைக் காப்பாற்றுவது. மேற்கு வெயில் பிற்பகல் முழுவதும் விழும் மாடி அறையில், செய்தித்தாள் சில மாதங்களிலேயே பழுப்பேறி நொறுங்கத் தொடங்கும். துணியின் சாயமும் வெளுக்கும். ஆகவே நறுக்குகளை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, அச்சிட்ட பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். மூலத்தை அமிலமற்ற தாள்களுக்கு இடையே வைத்து, கீழ்த்தளத்து அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். லேமினேஷன் செய்வதும் செல்லோடேப் ஒட்டுவதும் பிறகு சரிசெய்யவே முடியாத சேதங்கள். குளியலறையை ஒட்டிய சுவரிலோ ஓதம் ஏறிய சுவரிலோ எதையும் மாட்ட வேண்டாம். ஈரம் இருக்கும் இடத்தை, தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி தேடி வரும்.

பனியனைப் பசையால் ஒட்டாமல், கஞ்சி போக அலசிய காடாத்துணியைப் பலகையில் இழுத்துப் போர்த்தி, அதன்மேல் தோள், பக்கத் தையல், கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் மெல்லிய பருத்தி நூலால் தளர்வாகத் தைத்துவிடுங்கள். கண்ணாடி துணியைத் தொடாதவாறு, சட்டத்தின் உள்ளே சுற்றிலும் அரை அங்குல மரச்சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய வியர்வைக் கறையையும் மண் கறையையும் போக்க வேண்டும் என்று தோன்றினாலும், நூல் நைந்திருக்கும் நிலையில் துவைக்க வேண்டாம். ஆடியவரின் தடயம் அது. பதக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தால் உடனே அகற்றுங்கள், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

இனிச் சுவருக்கு வருவோம். நீளமான சுவரின் இடது ஓரம் 1951 மார்ச், புதுடெல்லி. 1950இல் நடந்திருக்க வேண்டிய முதல் போட்டி, ஏற்பாடுகள் தாமதமானதால் ஓராண்டு தள்ளிப்போனது. 11 நாடுகளிலிருந்து 489 பேர் கலந்துகொண்டார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிற்கு அழைக்கப்படாத ஜப்பான் டெல்லிக்கு வந்து முதலிடம் பிடித்ததையும், 15 தங்கத்துடன் இந்தியா இரண்டாம் இடம் பெற்றதையும் அதன் கீழே எழுதி வையுங்கள். 1962 ஜகார்த்தாவில் இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா மறுக்கப்பட்டது, 1974 தெஹ்ரானில் சீனா முதன்முறையாகப் பங்கேற்றது ஆகிய இரண்டும் அவசியம் இடம்பெற வேண்டும், ஏனெனில் யார் ஆடினார்கள் என்பதை மைதானம் மட்டும் தீர்மானிக்கவில்லை. வலது பக்கத்தில், 2022க்கு உரியதாக இருந்து கொரோனா காரணமாக 2023இல் நடந்த சீனாவின் ஹாங்சோ போட்டி வரும். அங்கு இந்தியா 107 பதக்கங்கள் வென்றது.

சுவரின் மையம் 1982க்கு உரியது. அப்பு யானைக்குட்டியைச் சின்னமாகக் கொண்ட அந்த ஆண்டில்தான் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. கபடி ஆசியப் போட்டியில் காட்சி ஆட்டமாக அறிமுகமானதும் அங்கேதான். உங்கள் தந்தையின் பனியனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1990 பெய்ஜிங்கில் கபடி பதக்கப் போட்டியானது. இந்தியாவுக்கு அந்த முறை கிடைத்த ஒரே தங்கமும் அதுவே. பெண்கள் கபடி 2010 குவாங்சோவில் சேர்ந்தது. தொடர்ந்து ஏழு முறை தங்கம் வென்ற ஆண்கள் அணி 2018இல் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றதை விட்டுவிடாமல் குறிப்பிடுங்கள். நம் ஊர்க் களத்து ஆட்டத்தைப் பிற நாடுகளும் ஊன்றிக் கற்றுவிட்டன என்பதற்கு அந்தத் தோல்வியே சான்று. 2023இல் இரு பிரிவுத் தங்கமும் திரும்பி வந்தன.

பிள்ளைகள் நின்று பார்க்கும்படியான ஒன்றையும் சொல்கிறேன். கதவுக்கு அருகே தரையிலிருந்து 2.03 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். 1958 டோக்கியோவில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் தாண்டுதலில் தாண்டி, இலங்கைக்கு ஆசியப் போட்டியின் முதல் தங்கத்தைப் பெற்றுத்தந்த உயரம் அது. 2.35 மீட்டரில் இன்னொரு கோடு: ஹாங்சோவில் கத்தாரின் முதாஸ் பர்ஷிம் தாண்டியது. இரண்டாவது கோடு உங்கள் கதவு நிலைக்கு மேலே போய்விடும். ஒரு முழ அளவுக்குக்கூட வராத அந்த 32 சென்டிமீட்டர்களை எட்ட ஆசியாவுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அட்டவணையைவிட இந்தக் கோடுகள் தெளிவாகக் காட்டும்.

தொலைக்காட்சியை ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். வடக்கு அல்லது தெற்குச் சுவரில், உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரும்படி, தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் பொருத்துங்கள். உங்கள் அறைக்கு 50 அல்லது 55 அங்குலத் திரை போதும். ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, சட்டங்களுக்கு மேல் மங்கலான எல்இடி விளக்கு, அவ்வளவே.

ஹாங்சோவுக்குப் பின் நான்கு அடியாவது வெற்றிடம் விட்டுவையுங்கள். 2026இல் ஜப்பானின் ஐச்சி-நகோயா, 2030இல் தோஹா, 2034இல் ரியாத் என இடங்கள் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. புதிதாகச் சேரும் ஆட்டங்களையும் நீக்கப்படும் ஆட்டங்களையும் வீட்டுப் பிள்ளைகளே எழுதி ஒட்டட்டும். அதற்கு ஆணி அடிக்காமல், கார்க் பலகை ஒன்றை இப்போதே பதித்துவிடுங்கள்.