ராக் இசைக்காரர்களைப் படிப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் இளையராஜா பாட்டோடு வளர்ந்தவன். ராக் என்றாலே இரைச்சல் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் மகள் கிடார் கற்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எந்நேரமும் பீட்டில்ஸ், டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ். இப்போது எனக்கும் காது கொஞ்சம் திறந்திருக்கிறது. இவர்களைப் பற்றிப் படிக்கலாமே என்று பிரபலப் பாடகர் ஒருவரின் சுயசரிதையை வாங்கினேன். நூறு பக்கம் தாண்ட முடியவில்லை. போதை, பெண்கள், வழக்கு, மறுபடி போதை. எல்லாப் புத்தகங்களும் இப்படித்தானா? நானும் மகளும் சேர்ந்து படிக்க நாலைந்து புத்தகங்கள் சொல்ல முடியுமா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

பாதிக்கு மேல் அப்படித்தான். புகழ் வந்தபின் ராக் நட்சத்திரங்களின் வாழ்க்கை எல்லாம் ஒரே அச்சுதான். விமானம், ஓட்டல் அறை, மேடை, மறுபடி விமானம். மேனேஜர் ஏமாற்றுவார், குழு உடையும், கடைசி அத்தியாயத்தில் மறுவாழ்வு மையம். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அதனால் நான் தேடிப் படிப்பது, புகழ் வருவதற்கு முன்பே முடிந்துவிடும் புத்தகங்களை. இல்லையென்றால், புகழை ஒரே தாவலில் தாண்டிப் போய்விடும் புத்தகங்களை.

பாப் டிலனின் ‘கிரானிகிள்ஸ்’ (2004) இரண்டாம் வகை. 1961 குளிர்காலத்தில் நியூயார்க் வந்திறங்கிய பத்தொன்பது வயதுப் பையனிடம் தொடங்குகிறது. எல்லோரும் கேட்க ஆசைப்படுவது 1965, 66 ஆண்டுகளைப் பற்றி. அவர் மின்கிடாரைக் கையில் எடுத்ததும் நாட்டுப்பாடல் ரசிகர்கள் கூச்சல் போட்டார்களே, அந்தக் காலம். மனிதர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக 1970, அங்கிருந்து எண்பதுகளின் கடைசி, பிறகு திரும்பவும் பழைய நியூயார்க்.

அதில் ஓர் இடம். டிலனின் ஆதர்சமான பாடகர் வுடி கத்ரி நியூ ஜெர்சியில் ஒரு மனநல மருத்துவமனையில் கிடக்கிறார். டிலன் சிகரெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார். இசையமைக்காத பாட்டுகள் பெட்டி பெட்டியாக கோனி ஐலண்ட் வீட்டின் நிலவறையில் இருக்கின்றன, வேண்டுமானால் போய் எடுத்துக்கொள் என்கிறார் வுடி. ரயில் பிடித்துப் போய், வழியில் சதுப்பில் இறங்கி, முழங்கால்வரை நனைந்து வீட்டை அடைந்தால் வுடியின் மனைவி இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணும் சிறுவன் ஆர்லோவும்தான். அவர்களுக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் குளிர்காய்ந்துவிட்டு, நனைந்த காலோடு டிலன் திரும்பிவிடுகிறார். அந்தப் பாட்டுகளில் சில கடைசியில் பாடகர் பில்லி பிராக், வில்கோ என்ற ராக் குழுவினர் கைக்குப் போய் 1998இல் இசைத்தட்டாக வந்தன. இந்தப் புத்தகத்தின் சில வரிகள் வேறு புத்தகங்களிலிருந்து எடுத்தவை என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. நாட்டுப்பாடல்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதானே!

அப்புறம் பீட்டர் குரால்னிக் எழுதிய, பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வரலாற்றின் முதல் பாகம், ‘லாஸ்ட் டிரெய்ன் டு மெம்ஃபிஸ்’ (1994). ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். 1954 ஜூலை 5 இரவு, மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டுடியோ. எல்விஸ் அப்போது மின்சாதன நிறுவனம் ஒன்றில் லாரி ஓட்டும் பையன். உருக்கமான மெதுவான பாட்டுகளைப் பாடிப் பார்க்கிறான், ஒன்றும் தேறவில்லை. இடைவேளையில் விளையாட்டாக, கறுப்பர்களின் பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டுக் குதிக்கிறான். கிடாரும் பேஸ் வாத்தியமும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. சாம் தலையை நீட்டி என்ன செய்கிறீர்கள் என்று கேட்க, எங்களுக்கே தெரியவில்லை என்கிறார்கள். சரி, முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறார் சாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது சில நாள் கழித்து வானொலியில் நடந்தது. அறிவிப்பாளர் டூயி ஃபிலிப்ஸ் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார், தொலைபேசி ஓயவில்லை. பையனோ பயந்துபோய் சினிமா தியேட்டரில் ஒளிந்திருக்கிறான். பெற்றோர் போய் இழுத்து வருகிறார்கள். பேட்டியில் டூயி அவனிடம் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கிறார். பள்ளியின் பெயரைச் சொன்னால் போதும், பாடியவன் வெள்ளைக்காரன் என்று ஊருக்கே விளங்கிவிடும். ஏனென்றால் அன்று மெம்ஃபிஸில் கறுப்பருக்கு வேறு பள்ளி, வெள்ளையருக்கு வேறு பள்ளி. ராக் இசை எங்கிருந்து வந்தது, யார் பெயரில் விலைபோனது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. குரால்னிக் அதை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். எல்விஸின் சரிவைச் சொல்லும் இரண்டாம் பாகத்துக்கு அவசரமில்லை.

பாடகி பேட்டி ஸ்மித்தின் ‘ஜஸ்ட் கிட்ஸ்’ (2010) உங்கள் மகளுக்கு. புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேபில்தார்ப்போடு அவர் நியூயார்க்கில் பட்டினி கிடந்த நாட்கள். போதையும் உடலுறவும் இதிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் சாண்ட்விச்சுக்குப் பத்து சென்ட் குறைந்து பேட்டி ஸ்மித் விழித்துக்கொண்டிருக்கும்போது, பையன் என்று நினைத்துக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் காசு கொடுத்து உதவும் இடத்தில் நீங்களே சிரித்துவிடுவீர்கள்.

மைக்கேல் அஸராட் 2001இல் எழுதிய ‘அவர் பேண்ட் குட் பி யுவர் லைஃப்’ எண்பதுகளின் 13 அமெரிக்கக் குழுக்களைப் பற்றியது. ஒரு குழு பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் ஒப்பந்தம் போட்டதுமே அதன் கதையை நிறுத்திவிடுகிறார் அஸராட். என் கட்சிக்காரர்! மினிட்மென் என்ற குழுவின் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். செலவைக் குறைக்க, ஏற்கெனவே பயன்படுத்திய டேப்பை வாங்கி, வாடகை குறைந்த பின்னிரவில் ஸ்டுடியோ எடுத்துப் பதிவு செய்தவர்கள் அவர்கள்.

புகழின் நடுவே இருந்து எழுதிய நல்ல புத்தகம் வேண்டுமென்றால் பக்கத்தில் வேலை பார்த்தவரிடம்தான் போகவேண்டும். பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கின் ‘ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்’ அப்படிப்பட்டது. 1966 ஏப்ரலில் இருபது வயதில் அந்த நாற்காலியில் உட்காருகிறார். முதல் பாட்டிலேயே, மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் என் குரல் கேட்கவேண்டும் என்கிறார் ஜான் லெனன். ஆர்கன் வாத்தியத்தோடு வரும் சுழலும் ஒலிபெருக்கி வழியே குரலை அனுப்பி அதைச் சாதிக்கிறார் எமெரிக். ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள் ஸ்வெட்டரைத் திணித்து மைக்கை ஒட்டி வைக்கிறார், ஸ்டுடியோ விதிக்கு விரோதமாக. அவருடைய நினைவுகள் சிலவற்றை உடன் வேலை பார்த்தவர்களே மறுத்திருக்கிறார்கள். கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் ‘லைஃப்’ நீங்கள் வெறுக்கும் ரகம்தான். ஆனால் கிடார் வாசிக்கும் பெண் வீட்டில் இருக்கிறாள். ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு மீதி ஐந்தை ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்க்கும் பக்கங்களை அவளிடம் காட்டுங்கள். அவர்களுடைய ‘ஸ்டார்ட் மீ அப்’ பாட்டு ஏன் சாதாரண சுருதியில் வாசித்தால் சப்பென்று இருக்கிறது என்று புரியும். மற்ற அத்தியாயங்களைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

மார்க் லூயிஸனின் பீட்டில்ஸ் வரலாறு ‘டியூன் இன்’ (2013) கடைசியாக. 1962 டிசம்பரோடு முடிகிறது, அதாவது உலகம் அவர்களைக் கேட்பதற்கு முன்பே. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சினிமா தியேட்டரின் கழிப்பறையை ஒட்டிய அறையில் தூங்கி, இரவு முழுக்க வாசித்த பையன்கள்தான் இதில் இருக்கிறார்கள். சாதாரணப் பதிப்பே ஆயிரம் பக்கத்தை நெருங்கும். மின்நூலாக வாங்குவது நல்லது, படுத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் இருந்தால் கை வலிக்காது.

அன்புடன்.