வரிசைகளை வெட்டாமல் பவர் பிஐ கோப்பைச் சுருக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் ஜவுளி மொத்த விற்பனை நிலையத்தின் 3 ஆண்டு பில் விவரங்களை சிஎஸ்வி கோப்புகளாக எடுத்து, தரவிலிருந்து அறிக்கை தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ-யில் ஏற்றியிருக்கிறேன். ஏறத்தாழ 40 லட்சம் வரிசைகள். கோப்பு மிகவும் பெருத்து, அறிக்கை திறக்கவே நேரமாகிறது. பழைய ஆண்டு ஒன்றை நீக்கிவிடலாமா? மேலும், ஏப்ரல் விற்பனையில் ஒரு பகுதி மே மாதக் கணக்கில் போய் நிற்கிறது. ஏன்?
- வாசகர், ஈரோடு

பதில்: பழைய ஆண்டை நீக்க வேண்டாம். பவர் பிஐ தரவை வரிசை வரிசையாக அல்ல, நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கிறது. ஒரு நெடுவரிசையில் உள்ள வெவ்வேறு மதிப்புகளை ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் அந்த மதிப்புக்குரிய சிறு எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆகவே 'வேட்டி', 'துண்டு' என்று சில பெயர்களே 40 லட்சம் முறை திரும்பி வந்தாலும் இடம் அதிகம் பிடிக்காது. ஒவ்வொரு வரிசையிலும் புதிய மதிப்பு வரும் நெடுவரிசைதான் கோப்பை வீங்க வைக்கிறது.

உங்கள் கோப்பில் நான் முதலில் சந்தேகிப்பது, பில் போட்ட தேதியும் நேரமும் ஒன்றாக இருக்கும் நெடுவரிசையை. 3 ஆண்டுகளில் 9 கோடிக்கும் மேற்பட்ட நொடிகள் இருப்பதால், நொடி வரை பதிவாகும் நேரத்தைத் தேதியோடு சேர்த்தால் உங்கள் 40 லட்சம் வரிசைகளில் லட்சக்கணக்கான வெவ்வேறு மதிப்புகள் வர வாய்ப்புண்டு. அதையே இரண்டாகப் பிரித்தால், தேதியில் ஏறத்தாழ 1,100 மதிப்புகளும் நேரத்தில் அதிகபட்சம் 86,400 மதிப்புகளும்தான் இருக்கும்; நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டால் 1,440 போதும். நேரத்தை அறிக்கையில் எங்குமே காட்டவில்லை என்றால் அந்த நெடுவரிசையே தேவையில்லை.

ஆனால் பிரிப்பதற்கு முன்பு தேதியைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. தரவை ஏற்றுவதற்கு முன் சீர்செய்யும் பவர் பிஐ-யின் பகுதியான பவர் குவெரி, முதல் 200 வரிசைகளை மட்டும் பார்த்தே ஒரு நெடுவரிசையின் வகையை (எண்ணா, தேதியா, எழுத்தா என்று) ஊகிக்கிறது. கோப்பின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/04/2023 என்ற ஏப்ரல் 5-ஐ அது மே 4 என்று படிக்கும். 25/04/2023 போன்றவை பிழையாகி வெற்றிடமாக ஏறும். பிழை கண்ணில் படும். சத்தமில்லாமல் மாதம் மாறிய பில்தான் கணக்கைக் கெடுக்கும். தானாகச் சேர்ந்த 'சேஞ்ச்டு டைப்' படியை நீக்கிவிட்டு, நெடுவரிசைத் தலைப்பிலுள்ள வகைக் குறியைச் சொடுக்கி, 'யூசிங் லொகேல்' வழியாக இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் தேதியையும் நேரத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, மூல நெடுவரிசையை நீக்கிவிடுங்கள்.

அடுத்தது பில் எண். பில்களின் எண்ணிக்கையைக் கணக்கிடத் தேவையில்லை என்றால் அதை ஏற்றவே வேண்டாம். தேவை என்றால், எழுத்துகளும் சாய்கோடுகளும் கலந்த வடிவத்தை முழு எண்ணாக்குங்கள். நிதியாண்டுதோறும் பில் எண் 1-இலிருந்து தொடங்கும் வழக்கம் இருந்தால், கடைசி இலக்கங்களை மட்டும் எடுக்காமல் ஆண்டையும் முன்னால் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெவ்வேறு ஆண்டுகளின் பில்கள் ஒன்றாகிவிடும்.

எந்த நெடுவரிசையில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் உள்ளன என்பதை பவர் குவெரியின் 'காலம் டிஸ்ட்ரிபியூஷன்' காட்டும். அது வழக்கமாக முதல் 1,000 வரிசைகளை மட்டுமே பார்க்கும் என்பதால், கீழ்ப்பட்டையில் முழுத் தரவுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அமைப்புகளில் 'ஆட்டோ டேட் டைம்' வசதியை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் மறைவாக ஒரு நாட்காட்டி அட்டவணையை உருவாக்குகிறது. யாரோ தவறுதலாக 1900 என்று பதிந்த ஒரே ஒரு தேதி இருந்தாலும், அந்த ஆண்டிலிருந்து நாள்தோறும் ஒரு வரிசை என 45,000-க்கும் மேற்பட்ட வரிசைகள் அதில் சேர்ந்துவிடும்.