கைநீட்டக் கூச்சம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. நான்கு மாதம் கழித்து நடக்கவிருக்கும் 42 கிலோமீட்டர் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றுக்காக ஓடுகிறேன். இதுவரை அதிகபட்சம் 8 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறேன். வலது முழங்கால் அவ்வப்போது குத்துகிறது. நான்கு மாதம் போதுமா? ‘ஓடுவதற்குப் பதில் அந்தப் பணத்தை நேராகக் கொடுத்துவிட்டுப் போயேன்’ என்று நண்பன் சிரிக்கிறான். பணம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதலில் ஓடி முடித்துவிடுகிறேன், அப்புறம் விஷயத்தைச் சொன்னால் விருப்பப்பட்டவர்கள் கொடுக்கட்டும் என்று நினைக்கிறேன். சரிதானா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முழங்காலை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வாரமே.

8 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு நான்கு மாதம் இறுக்கமான கணக்கு. முடியாதது இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சே வாங்கவில்லை, இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றுகிற நாளில்தான் கால் அடிபடும். வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம் போதும், அதுவும் பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில். அது மெல்ல மெல்ல 30 கிலோமீட்டர் வரை வளரட்டும். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். முழங்கால் இடம் தரவில்லை என்றால் அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

நண்பருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராகக் கொடுத்தால் உங்கள் ஒருவருடைய பணம் போய்ச் சேரும். ஓடினால் நூறு பேர் முன்னால் போய் நிற்க ஒரு காரணம் கிடைக்கும்.

ஆனால் அந்த நூறு பேர் முன்னால் நிற்கத்தானே நீங்கள் மறுக்கிறீர்கள்? உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் கூச்சம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவரிடம் கேட்டு அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் உங்கள் முகம் வாடும், அதிலிருந்து தப்பிக்க வழி பார்க்கிறீர்கள். ஓடி முடித்த படத்தைப் போட்டுவிட்டு, கீழே ஓரமாக ஒரு கணக்கு எண்ணைக் கொடுத்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யார் தராவிட்டாலும் பாராட்டு வந்துவிடும். நஷ்டம் படுக்கையில் கிடக்கிற குழந்தைக்கு.

டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த கனடா நாட்டு இளைஞர். 1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கரையில் புறப்பட்டு, செயற்கைக் காலோடு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம், 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நின்றார். இதை எல்லோரும் சொல்வார்கள். அவர் ஓடுவதற்கு முன்னால் செய்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. 1979 அக்டோபரிலேயே ஆதரவு கேட்டுப் புற்றுநோய்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஒரு நிறுவனத்திடம் வண்டி கேட்டார், இன்னொன்றிடம் எரிபொருள், வேறொன்றிடம் காலணி. கடைசியில் அவர் கேட்டது கனடாவில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர். கேட்ட தொகையைப் பாருங்கள்! வழியில் போர்ட்-ஓ-பாஸ்க் என்ற சிற்றூர் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1981 பிப்ரவரியில், மொத்தம் 2.4 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அந்த ஜூனில் அவர் இறந்தார். வயது 22.

அவர் முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று இருந்திருந்தால்? அவர் முடிக்கவே இல்லையே.

இவ்வளவு காரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நானும் புற்றுநோய் நிதிக்காக ஓடினேன். யார் யாரிடம் கேட்பது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் பெயர்களை எழுதினேன். அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் பக்கத்திலேயே அவர் பெயரும் இருந்தது. அவருடைய கணவர் அதற்கு முந்தைய வருடம்தான் அதே நோயில் இறந்திருந்தார். போய்க் கேட்டால் மனசு நோகும் என்று அவர் பெயர்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். அப்புறம் இரண்டு மாதம், அவர் மேசையைத் தாண்டும்போதெல்லாம் ரசீதுப் புத்தகத்தைக் கோப்புக்குள் செருகிக்கொண்டு போனேன்.

ஓட்டம் முடிந்தது. திங்கட்கிழமை எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். அக்கா மதியம் வரை பேசவில்லை. அப்புறம் எழுந்து வந்து நின்றார்.

“எல்லார்கிட்டயும் கேட்டியே, என்கிட்ட மட்டும் ஏம்ப்பா கேக்கல?”

உங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று எதையோ முனகினேன்.

“ஒரு வருஷமா யாரும் அவர் பேரையே எடுக்கறதில்ல. நான் வந்தா பேச்சை மாத்தறாங்க. நீயும் அதையேதான் பண்ணிருக்கே.”

கையில் ஒரு உறை வைத்திருந்தார். ரசீது கணவர் பெயரில் வேண்டும் என்றார். எழுத உட்கார்ந்தேன். அவருடைய முன்னெழுத்து எனக்குத் தெரியவில்லை, கேட்டேன். சொன்னார். நான் எழுதி முடிக்கும்வரை, மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ர., அன்றைக்கு அவர் மனசு நோகக்கூடாது என்று நான் விலகவில்லை. அவர் கண்ணில் நீர் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, அதனால் விலகினேன். அதற்கு நல்ல பெயர் ஒன்றும் வைத்துக்கொண்டேன்.

இன்று இரவு உட்கார்ந்து பட்டியல் எழுதுங்கள். எந்தப் பெயரில் பேனா தயங்குகிறதோ அதன்மேல் கோடு இழுக்காதீர்கள். குழுவில் பொதுவாக ஒரு செய்தியைத் தட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள், அங்கே ஒவ்வொருவரும் மற்றவர் கொடுப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். யாருக்காக, எதற்காக, எவ்வளவு என்று சொல்லுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவே வேண்டாம், நேராக அறக்கட்டளைக்குப் போகட்டும். காலணியும் நுழைவுக் கட்டணமும் உங்கள் சொந்தச் செலவு. இல்லை என்கிறவரிடம் காரணம் கேட்காதீர்கள், அவர் வீட்டுக் கணக்கு நமக்குத் தெரியாது.

பட்டியலில் முதல் பெயராக என்னைப் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு வேண்டும் என்று நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் தர மாட்டேன்.