70–200 லென்ஸ்: எந்தப் பதிப்பை வாங்கினால் நஷ்டம் குறைவு?

கேள்வி: செங்கோட்டையில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தென்காசி வட்டாரத் திருமணங்களோடு, மலை தாண்டி ஆரியங்காவு, புனலூர் வரை சென்றும் படம் எடுக்கிறேன். கோயில் திருமணங்களில் பெரும்பாலும் ஃப்ளாஷ் கூடாது என்கிறார்கள். ஆகவே, என்னிடமுள்ள கேனான் 5டி மார்க் 4 கேமராவுக்கு, குறைந்த வெளிச்சத்திலும் எடுக்க உதவும் 70–200 மி.மீ. எஃப் 2.8 ஐ.எஸ். லென்ஸைப் பழையதாக வாங்க எண்ணுகிறேன். முதல் பதிப்புக்கு 40,000 ரூபாய், இரண்டாம் பதிப்புக்கு 70,000, மூன்றாம் பதிப்புக்கு 1,05,000 என்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத புதிய வகை) கேமராவுக்கு மாறும்போது விற்றுவிடுவேன். எது லாபம்?

பதில்: இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். 2010இல் வந்த அதற்கும் 2018இல் வந்த மூன்றாம் பதிப்புக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடி அமைப்பு ஒன்றுதான். இரண்டிலும் 19 தொகுதிகளில் 23 கண்ணாடிகள். மாறியவை கண்ணாடி மீதான பூச்சும் வெளிப்புற நிறமும். மணமேடைக்குப் பின்னால் எரியும் விளக்குகளை நேருக்கு நேராக வைத்து எடுக்கும்போது புதிய பூச்சின் பயன் சற்றுத் தெரியலாம். முன்கண்ணாடியில் பட்ட சாரல் துளியைத் துடைப்பதும் எளிது. ஆல்பத்தில் அச்சான பிறகு பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதற்காக 35,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் எவ்வளவு கரையும் என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு, மூன்று ஆண்டுகளில் இரண்டுமே மூன்றில் ஒரு பங்கு விலை இறங்குவதாக வைத்துக்கொண்டால், இரண்டாம் பதிப்பில் ஏறக்குறைய 23,000 ரூபாயும் மூன்றாம் பதிப்பில் 35,000 ரூபாயும் கைவிட்டுப் போகும். கண்ணாடி ஒன்றே என்பது பழைய லென்ஸ் வாங்குவோருக்கும் தெரிந்த செய்திதான் என்பதால், மூன்றாம் பதிப்புக்கு இன்று இருக்கும் கூடுதல் மதிப்பே முதலில் இறங்கும் என்பது என் கணிப்பு.

அந்தக் கணக்குப்படி முதல் பதிப்புதான் மலிவு என்று தோன்றும். ஆனால் 2001இல் வந்த அந்த லென்ஸ், திறப்பை முழுதாக 2.8இல் வைத்து 200 மி.மீ.இல் எடுக்கும்போது இரண்டாம் பதிப்பின் கூர்மைக்கு வராது. ஃப்ளாஷ் இல்லாத கோயில் மண்டபத்தில் நீங்கள் எடுக்கப்போவதோ அப்படித்தான். அசைவைத் தாங்கும் ஐ.எஸ். வசதியும் அதில் மூன்று ஸ்டாப் அளவுக்கே, அடுத்ததில் நான்கு (ஒரு ஸ்டாப் கூடினால், படம் கலங்காமல் ஷட்டரை இரு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம்). வயதான ஐ.எஸ். பகுதி பழுதாகி, உதிரி பாகம் கிடைக்காமல் போனால் மொத்தப் பணமும் முடங்கிவிடும்.

மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் விற்றே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கேனானின் ஆர்.எஃப். மவுன்ட் (மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வளைய வகை) கேமராக்களில் இந்த லென்ஸை அடாப்டர் என்ற இடை வளையம் வழியாகப் பொருத்தலாம். சாதாரண அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது, ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். 2019இல் வந்த ஆர்.எஃப். 70–200 எஃப் 2.8 லென்ஸின் எடை 1,070 கிராம், இந்த இரண்டாம் பதிப்போ 1,490 கிராம். தாலி கட்டும் நேரம் வரை கையிலேயே தூக்கி வைத்திருப்பவருக்கு அது பெரிய வேறுபாடுதான். ஆனாலும் அடாப்டர் இருந்தால் கேமராவையும் லென்ஸையும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டிய நெருக்கடி இருக்காது. அவசரமாக விற்பவரிடம்தான் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

உங்கள் ஊரில் பதிப்பைவிட முக்கியமானது பூஞ்சை. கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும் மாதங்களில் பைக்குள்ளேயே கிடந்த லென்ஸ் எந்தப் பதிப்பானாலும் விலை போகாது. கேமராவிலிருந்து கழற்றி, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். நாலைந்து தூசித் துகள்களும் வெள்ளைப் பெயின்ட் உரிந்த இடங்களும் படத்தைக் கெடுக்கமாட்டா; அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். ஃபில்டர் மாட்டும் வளையம் நசுங்கியிருந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது என்று பொருள். 200 மி.மீ.இல் வைத்து, 2.8 திறப்பில், நான்கு மூலைகளையும் சோதித்துப் பாருங்கள்.

கொல்லம் பக்கம் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த லென்ஸ்களும் விற்பனைக்கு வரும். படத்தில் குறை இருக்காது; இந்திய பில் இல்லாததால் நீங்கள் விற்கும்போது இன்னொருவர் அதையே காரணம் காட்டுவார், ஆகவே வாங்கும்போதே அதற்கான தொகையைக் கழித்துவிடுங்கள். இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் கர்க்கடகம் என்று இரண்டு ஊரிலும் முகூர்த்தம் இல்லாத மாதத்தில் விலை பேச இடம் கிடைக்கும். விற்பதாக இருந்தால் ஆவணிக்குச் சற்று முன்னால், சிங்ஙமாதக் (ஆவணிக்கு மலையாளப் பெயர்) கல்யாணங்களுக்குக் கேரளத்தில் ஆள் பதிவாகும் சமயத்தில் விளம்பரம் கொடுங்கள்.