காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை: நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஃப்ளூ காய்ச்சல் நாலே நாளில் விட்டது. வறட்டு இருமல் மட்டும் நான்காவது வாரமாக நிற்கவில்லை. சிரித்தால், போனில் பேசினால் கூடுகிறது. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா?

பதில்: கிருமி அனேகமாக எப்போதோ போயிருக்கும். அது புண்ணாக்கிவிட்டுப் போன இடம்தான் ஆறவில்லை. மூச்சுக்குழாயின் உட்படலம் வைரஸால் சிதைந்துபோக, அடியில் இருக்கும் இருமல் நரம்புகள் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகின்றன. குளிர்காற்றோ சிரிப்போ பட்டாலே போதும். இது 3 முதல் 8 வாரம் வரை இழுக்கலாம். சாதாரணமாகச் சளி பிடித்து வரும் இருமலே சராசரியாக 18 நாள் நீடிக்கும் என்கிறது 2013-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு. அதே ஆய்வில் பொதுமக்களைக் கேட்டபோது, 7 முதல் 9 நாளில் சரியாகிவிடும் என்றார்கள். பத்தாம் நாள் பொறுமை போவது இதனால்தான். வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: சளி பச்சையாக வருகிறது. அப்போ பாக்டீரியாதானே?

பதில்: நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது, வைரஸ் சளியிலும் வரும். மீந்த ஆன்டிபயாடிக் உங்களுக்கும் வேண்டாம்.

கேள்வி: ஆறு வாரமாக இருமல். பிரஷர் மாத்திரை தவிர வேறெதுவும் எடுப்பதில்லை.

பதில்: அந்த மாத்திரை எது? எனலாப்ரில், ராமிப்ரில் வகை என்றால் அதுவே இருமலைக் கொண்டுவரும். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கோவிடில் மோப்பம் போய், இப்போது திரும்புகிறது. ஆனால் சோப்பு கருகிய ரப்பர் போல நாறுகிறது.

பதில்: வேதனைதான், ஆனால் பெரும்பாலும் நல்ல அறிகுறி. நரம்புகள் மறுபடி முளைக்கும்போது இணைப்பு குழம்புகிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் தினம் இருவேளை, ஒவ்வொன்றாகக் கவனித்து முகருங்கள். குறைந்தது 12 வாரம். ஒரு வாரத்தில் சலித்து விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

கேள்வி: காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆகியும் மாடி ஏறினால் மறுநாள் படுக்கைதான். வேர்க்க விறுவிறுக்க ஓடினால் உடம்பு தேறும் என்கிறார் நண்பர்.

பதில்: ஓடாதீர்கள். கொஞ்சம் உழைத்தாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடம்பு படுத்துகிறது என்றால், அது வெறும் பலவீனம் இல்லை. நல்ல நாளிலும் முழுச் சக்தியைச் செலவழிக்காதீர்கள். களைப்பு வரும்முன் உட்காருங்கள். ரத்தசோகை, தைராய்டு, இதயம் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.

நண்பரே எழுதுகிறார்: சோம்பலுக்கு மருத்துவப் பெயரா, டாக்டர்? நான் பத்தாம் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடினேன்.

பதில்: உங்களுக்கு மறுநாள் ஒன்றும் ஆகவில்லை, மகிழ்ச்சி. அவருக்கு ஆகிறது. படுத்தே கிடந்து தசை இளைத்தவருக்குப் படிப்படியான நடை நல்ல மருந்து, அதை மறுக்கவில்லை. மறுநாள் படுத்துவிடுகிறவருக்கு அதே மருந்து கெடுதல்.

இன்னொருவர்: நானும் ஓடினேன். இரண்டு வாரம் எழவே முடியவில்லை. நண்பரே, பேசாமல் இருங்கள்.

நண்பர்: மருத்துவர்களே முன்பு உடற்பயிற்சிதான் சொன்னார்கள்!

பதில்: சொன்னோம், உண்மை. நாள்பட்ட களைப்பு நோய்க்குப் பயிற்சியை ஏற்றிக்கொண்டே போகும் முறையை, பிரிட்டனில் மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2021-ல் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. தப்பென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமில்லை. இந்தச் சண்டை போதும், வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்து மூன்றாம் மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது.

பதில்: காய்ச்சலின் அதிர்ச்சியில் ஓய்வுக்குப் போன முடி இப்போது உதிர்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் திரும்ப வளரும். எண்ணெய் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஐந்து வாரமாக இருமல்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எட்டு வாரம் தாண்டினால் எக்ஸ்ரே. சளியில் ரத்தம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, எடை குறைவு, தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது, இவற்றில் எது வந்தாலும் வாரக்கணக்குப் பார்க்காமல் கிளம்புங்கள். காசநோய் அதிகமுள்ள ஊர் என்றால் இரண்டு வாரத்திலேயே சளிப் பரிசோதனை.

கேள்வி: மூன்று வாரமாக இருமல். போன தடவை வாங்கிய மாத்திரை நாலு மிச்சம் இருக்கிறது, போட்டுப் பார்க்கலாமா?

பதில்: முதல் பதில், கடைசி வரி.