மூடிப்போன பட்டறை கட்டிய பஸ் மோட்டார்ஹோமை வாங்கலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பழைய பஸ் மோட்டார்ஹோம் (பஸ்ஸை வீடுபோல மாற்றிக் கட்டிய வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, கட்டிய பட்டறை இப்போது இல்லை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். பட்டறை போனாலும் ஹினோ, இசுசு நிறுவனங்களின் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) என்றால் இன்ஜின், பிரேக் சாமான்கள் கிடைக்கும்.

முதலில் கிராண்டை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) வாங்கிப் படியுங்கள். அதில் இன்னும் பஸ் என்றே இருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். அதை மோட்டார்ஹோம் என்று மாற்ற ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல், புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனை எல்லாம் உங்கள் தலையில் விழும். டி லைசென்ஸில் (கார் லைசென்ஸ்) 3,500 கிலோ வெற்று எடைக்கு மேல் உள்ள வண்டியை ஓட்டவும் முடியாது.

நான் அதிகம் பயப்படுவது ஒயரிங்குக்குத்தான். பெரிய பஸ்களில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். சில பட்டறைகளில் உள்விளக்குக்கும் ஃபேனுக்கும் அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிடுவார்கள். அந்த பேட்டரி எப்போதும் பாதி வடிந்தே கிடக்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி நீர் வற்றிப்போகும். பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, நடு இணைப்பிலிருந்து தனி ஒயர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் போட்டுச் சரிசெய்யும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். ஏர்கோன் பொருத்திய இடத்தைச் சுற்றிக் கூரைப் பலகையை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்வாங்கினால் பலகை ஊறிப்போயிருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.