ஓப்பனிங்கை மாற்றலாமா?

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் நடந்த செஸ் போட்டியில் என் 9 வயது மகன் கறுப்பில் ஆடி, பத்தே மூவில் மேட் வாங்கிவிட்டான். ஸ்கோர் ஷீட்டை இணைத்திருக்கிறேன். 'இந்த ஓப்பனிங்கே (ஆட்டத்தைத் தொடங்கும் மூவ் வரிசை) வேண்டாம், சிசிலியன் என்ற வேறு ஓப்பனிங்கைச் சொல்லிக்கொடுங்கள்' என்று கோச்சிடம் கேட்கப்போகிறேன். சரிதானே?
- ஒரு தகப்பன், கொருக்குப்பேட்டை

பதில்: சரியில்லை ஐயா. ஓப்பனிங் பாவம், அதை ஏன் திட்டுகிறீர்கள்?

வெள்ளை மந்திரி சி4-இல் (சி வரிசையின் நான்காவது கட்டம்) நிற்கும்போது பையன் குதிரையை எஃப்6-இல் வைத்தான். நல்ல மூவ்தான். ஆனால் டி8-இல் இருக்கும் ராணி அதுவரை ஜி5-ஐப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிரை வந்ததும் அந்தப் பார்வை அடைபட்டது. உடனே வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவி, ராஜாவைத் தவிர வேறு காவலே இல்லாத எஃப்7-ஐக் குறிவைத்தது. பையன் டி5-க்கு சிப்பாயைத் தள்ளியதும் சரி. அதை வெட்டிய வெள்ளைச் சிப்பாயை ஐந்தாவது மூவில் குதிரையால் வெட்டினானே, அங்கேதான் கோளாறு. எஃப்7-இல் வெள்ளை தன் குதிரையை ராஜாவுக்குப் பலி கொடுத்துவிட்டு, ராணி எஃப்3-க்கு வந்தால், ராஜாவுக்கு செக், டி5 குதிரைக்கும் அடி. ஃப்ரைடு லிவர் அட்டாக் என்பார்கள்; 400 வருஷத்துப் பழைய சரக்கு.

அப்போதும் ராஜா ஈ6-க்கு ஏறிக் குதிரையைக் காத்திருக்கலாம். நிலைமை மோசம்தான், ஆனால் உயிர் இருக்கும். பையன் பயந்து ஜி8-க்கு ஓடினான். மந்திரி டி5-இல் வெட்டி செக். அதை வெட்டிய கறுப்பு ராணியை வெள்ளை ராணி வெட்டி மறுபடி செக்; குறுக்கே வந்த மந்திரியையும் ஈ6-இல் வெட்டி மேட்.

ஐந்தாவது மூவில் சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்கச் சொல்லுங்கள். மந்திரி பி5-இல் செக் வைக்கும், சி6-க்கு சிப்பாய். வெள்ளை வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டவேண்டும். ஒரு சிப்பாய் குறையும். பதிலுக்கு அந்த மந்திரியை சி6 சிப்பாயாலும், ஜி5 குதிரையை எச்6, ஈ4 என்று சிப்பாய்களாலும் விரட்டலாம். இந்த வம்பே வேண்டாமென்றால் மூன்றாவது மூவில் குதிரைக்குப் பதில் மந்திரியை சி5-க்கு அனுப்பட்டும். ராணியின் பார்வை அடைபடாது. ஜி5-க்கு வரும் குதிரை இனாம்.

2013-இல் நம் சென்னையிலேயே நடந்த உலக சாம்பியன் போட்டியில், நார்வேயின் கார்ல்சனுடனான ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்தின் ஓப்பனிங்குக்கு என்ன குறை? நிம்சோ-இந்தியன் என்ற ஓப்பனிங்கில் அருமையான தாக்குதல். 28-ஆவது மூவில் செக்கைத் தடுக்க மந்திரியை வைக்கவேண்டிய எஃப்1-இல் ஜி3 குதிரையை வைத்தார். ஈ1-இலிருந்து எச்4 வரை கறுப்பு ராணிக்கு வழி திறந்தது, ஆட்டம் முடிந்தது. அதற்காக அவர் கோச்சை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

சிசிலியனிலும் எஃப்7-க்கு ராஜா ஒருவர்தான் காவல். கோச்சிடம் கேட்பதானால், இந்த ஐந்தாவது மூவை போர்டில் வைத்து, பையனை வெள்ளையிலும் ஆடவைக்கச் சொல்லுங்கள்.